காத்திருக்க முடிந்தவர், முடியாதவர்: அரசா, சந்தையா?

மதுரை பனகல் சாலையில் உள்ள பெரியாஸ்பத்திரிக்கு ராஜாஜியின் பெயர். அதற்கு முன்பு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. லைசென்ஸ், பர்மிட் ராஜ்யம் என்று நேரு காலத்துப் பொருளாதாரத்தைச் சாடி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர் ராஜாஜி. 1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கி, நெல்லையும் அரிசியையும் சந்தையின் கையில் விட்டவரும் அவரே. அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடத்தில்தான் ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் அறுவை சிகிச்சை நடக்கிறது. பெயர் வைத்தவர்களின் குறும்பு என்று சிரிக்கலாம். ஆனால் ராஜாஜியே முழுக்க ஒரு பக்கம் நின்றவர் இல்லை. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவர் அவர். 1967 தேர்தலில், ரூபாய்க்கு ஒரு படி அரிசி தருவதாக வாக்களித்த தி.மு.க.வோடு கூட்டணி வைத்தவரும் அவர்.

இப்போது முழுக்க ஒரு பக்கம் நிற்கும் பேச்சு அதிகம் கேட்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் சம்பாதித்துவிட்டுச் சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் தெளிவாகவே பேசுகிறார்கள். என் உழைப்பில் வந்த பணத்தை வரி என்று எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க அரசுக்கு என்ன உரிமை? ரேஷன் அரிசி, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ், மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாம் ஓட்டுக்குக் கொடுக்கும் முன்பணம்தானே? கல்வியையும் வைத்தியத்தையும் போட்டிக்கு விட்டால் விலை தானாக இறங்காதா? கேலி செய்து ஒதுக்கத்தக்க கேள்விகள் இல்லை இவை. அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் இதைவிடக் கடுமையாகவே எழுதினார்: உழைத்துப் பெற்ற வருமானத்துக்கு வரி விதிப்பது கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம், காவல், நீதிமன்றம், ஒப்பந்தங்களைக் காப்பது ஆகியவற்றோடு அரசு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நோசிக்கோடு சேர்த்துப் பேசப்படும் பொருளாதார அறிஞர்கள் இருவர் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதை இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயலாதவருக்குக் குறைந்தபட்ச வருமானத்தை அரசு உறுதி செய்வதை ஹயெக் ஏற்றார். ஏழைகளுக்குப் பொருளாகக் கொடுப்பதை விட்டு, வருமான வரி முறையின் வழியே பணமாகக் கொடுத்துவிடலாம் என்று 1962இல் முன்வைத்தவர் மில்டன் ஃப்ரீட்மன். ஆகவே நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அரசே பொருளாகவும் சேவையாகவும் தருவது ஒன்று. பணத்தைக் கையில் கொடுத்து, வேண்டியதைச் சந்தையில் வாங்கிக்கொள்ளச் சொல்வது இரண்டாவது. விலகி நிற்பது மூன்றாவது.

இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். நான் ஒவ்வொரு விஷயத்திலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்: இந்தப் பேரத்தில் காத்திருக்க முடியாதவர் யார்? விலை பிடிக்கவில்லை என்றால் நாளை வருகிறேன் என்று எழுந்து போக இரண்டு தரப்புக்கும் முடிகிற இடத்தில் சந்தை நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவரால் மட்டும் எழுந்து போக முடியாத இடத்தில் அதை விருப்பப் பரிமாற்றம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

தாது வருஷம்

விலகி நிற்கும் வழிக்கு நம் மண்ணிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாது வருஷப் பஞ்சம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1873–74இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ, அரசுப் பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம்.

அதே டெம்பிளைத்தான் வைஸ்ராய் லிட்டன் 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை அவர் பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று கூலியைச் சுருக்கினார். அது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு அரசுச் செலவில் தானியம் வாங்கியதை லிட்டனின் அரசு கண்டித்தது. தனியார் வியாபாரத்தில் அரசு குறுக்கிடக் கூடாது என்பது கொள்கை. தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை அப்போதுதான் வந்திருந்தது. விலை ஏறினால் வியாபாரி தானியத்தைக் கொண்டுவந்து சேர்ப்பான் என்று ஏட்டில் இருந்தது. தானியம் போனதோ வாங்கப் பணம் இருந்த இடத்துக்கு. பிரிட்டிஷ் இந்தியாவில் மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் அந்தக் கூலியில் உயிர் நிற்காது என்று தொடர்ந்து எதிர்த்த பிறகே அது உயர்த்தப்பட்டது.

தனியார் தருமம் இருந்திருக்குமே என்று கேட்கலாம். இருந்தது. வடக்கு ஆவணி மூல வீதியில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் நகையையும் சொத்தையும் விற்றுக் கஞ்சித் தொட்டி வைத்துப் பல மாதங்கள் ஊற்றினார், கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் இறந்தார் என்று மதுரையில் சொல்வார்கள். தருமத்தின் பெருமையும் அதன் எல்லையும் இந்த ஒரு கதையிலேயே தெரிகின்றன. கொடுப்பவருக்கு வற்றும்போது வாங்குபவரின் பசி நிற்பதில்லை.

சந்தைவாதிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பஞ்சத்திலும் நிலவரியை விடாமல் கேட்ட ஆட்சி அது, வரி வாங்கும் கை மட்டும் நீண்டு கொடுக்கும் கை மடங்கிய ஆட்சியைச் சுதந்திரச் சந்தை என்று எப்படிச் சொல்வது என்பார்கள். சரியான எதிர்வாதம். ஆனால் வரியே இல்லாமல் இருந்திருந்தாலும், நிலம் காய்ந்து கூலியும் இல்லாமல் போனவரிடம் அரிசி வாங்கப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? சந்தைக்குப் பசி தெரியாது. பணத்தோடு வரும் பசிதான் தெரியும். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வந்த ஆணையமும், எந்தக் கட்டத்தில் அரசு இறங்க வேண்டும் என்று வரையறுத்த பஞ்ச விதிகளும், 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையும் அரசு விலகி நிற்க முடியாது என்பதை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. மேற்கே ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்ப எந்த வியாபாரி முதல் போட்டிருப்பான்?

அரிசியா, ஆயிரம் ரூபாயா

விலகி நிற்பதை விட்டுவிட்டால் மீதி உள்ள சண்டை பொருளுக்கும் பணத்துக்கும்தான். உண்மையில் கடினமான ஒப்பீடு இதுதான்.

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லாருக்குமான ரேஷனைத் தக்கவைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை. இதன் மீதான புகார்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. எடை குறைகிறது. கைரேகை விழவில்லை என்று கிழவியைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல அரிசி வரும் மாதமும் உண்டு, நாற்றமடிக்கும் மாதமும் உண்டு. கம்பம், குமுளி வழியாகக் கேரளத்துக்குக் கடத்தல் நடந்து பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. வசதியான வீட்டில் அதை இட்லி மாவுக்குப் போடுகிறார்கள், இல்லையென்றால் கோழிக்கு. இவற்றையெல்லாம் பார்த்தால், அந்தப் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, பொன்னியோ கேழ்வரகோ அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொள்ளட்டும் என்ற ஃப்ரீட்மனின் யோசனை கௌரவமானதாகவே தோன்றும். ஏழைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று தெரியாது என நினைக்கும் அதிகாரத் தோரணை அதில் இல்லை.

நம் பக்கத்திலேயே அதைச் செய்து பார்த்தார்கள். புதுச்சேரியில் 2015 முதல் அரிசிக்குப் பதில் பணம் கணக்கில் போடப்பட்டது; ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கடையைத் திற, அரிசி கொடு என்ற குரல் அங்கே ஓயவே இல்லை. 2024இல் கடைகள் மறுபடியும் திறக்கப்பட்டன. ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். கடையில் அரிசி கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20 கிலோவுக்கு 800 ரூபாய். விலை 50 ஆனால் 1,000. மூட்டை 20 கிலோவாகவே இருக்கும். கணக்கில் விழும் தொகையோ அரசாணையில் எழுதியபடியே நிற்கும். விலையேற்றத்தின் சுமையைப் பொருளாகக் கொடுக்கும்போது அரசு தாங்குகிறது, பணமாகக் கொடுக்கும்போது குடும்பம் தாங்குகிறது. இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லலாம். வீட்டுக்குள் அரிசி வந்தால் அது அடுப்புக்குப் போகும். பணம் வந்தால் அதை யார் எடுத்துக்கொண்டு எங்கே போவார் என்பது அந்த வீட்டின் குணத்தைப் பொறுத்தது; தெருக்கோடியில் அரசே நடத்தும் மதுக்கடையையும் பொறுத்தது.

அதற்காகப் பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, பெண்ணின் கணக்குக்கே போகிறது. மருந்துக்கோ பிள்ளையின் நோட்டுக்கோ வட்டிக்கோ, எது முந்துகிறதோ அதற்கு அவர் எடுத்துக்கொள்கிறார். கையில் ஆயிரம் ரூபாய் இருக்கும் பெண் கந்துவட்டிக்காரரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறார். அதாவது காத்திருக்கும் சக்தியை வாங்குகிறார். என் வருத்தம் அதன் நிபந்தனைகளில் இருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது என்று சல்லடை போட்டதும் விடுபட்டவர்கள் மேல்முறையீட்டு மனுவோடு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. ஏழைக்கு மட்டும் கொடு என்பது காதுக்கு நியாயமாகக் கேட்கும். ஆனால் ஏழை என்று நிரூபிக்கும் வேலை ஏழையின் தலையில்தான் விழுகிறது. ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா ஆபீஸ் படியேறும் வேலை அது.

ஆகவே என் முடிவு: அரிசி பொருளாகவே இருக்கட்டும், எல்லாருக்கும் இருக்கட்டும், வேண்டாதவர் விட்டுக்கொடுக்க வழியும் இருக்கட்டும். அதற்கு மேல் உள்ள தேவைகளுக்குப் பணம். மிக்ஸி, கிரைண்டர், டிவி போன்றவற்றை அரசு வாங்கிக் கொடுத்த காலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டிவி இல்லாதவர் காத்திருக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தில் விவாதத்துக்கே இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு ஆகியவற்றின் அடுத்த படி அது. உழைத்தவருக்கே அவர் பணம் என்பது நோசிக்கின் வாதம். ஆறு வயதுப் பிள்ளை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டு இந்த வீட்டில் பிறக்கவில்லை.

நெல்லும் மல்லிகையும்

மதுரையைச் சுற்றி இரண்டு பயிர்கள் இரண்டு பொருளாதாரப் பாடங்களை நடத்துகின்றன. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் விளையும் நெல்லுக்கு அரசு விலை உண்டு. 2025–26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பூக்கும் மல்லிகைக்கு அப்படி எதுவும் இல்லை. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலையை மட்டும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் அன்றன்று காலையில் சொல்கிறது. மார்கழிப் பனியில் வரத்து குறையும்போது கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். கோடையில் செடி கொட்டும்போது இருநூறு, முந்நூறுக்கு இறங்கும். அப்போது மிச்சத்தைச் சென்ட் கம்பெனிக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போவார்கள்.

காத்திருக்க முடியாத பண்டம் என்றால் மல்லிகைதான். விடியும் முன் மொட்டாகப் பறித்தது மாலைக்குள் விரிந்துவிடும். விலை சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோய் நாளை விற்க முடியாது. போதாக்குறைக்கு, கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிய விவசாயி அந்தக் கடைக்கே பூவைப் போட்டாக வேண்டும். பத்துக் கடைகள் இருந்தும் அவருக்கு ஒரே கடைதான். சுதந்திரச் சந்தையின் ஏட்டுப் படத்தில் இந்த முன்பணச் சீட்டு வருவதே இல்லை.

அப்படியானால் பூவுக்கும் அரசு விலை வைத்துக் கொள்முதல் செய்யலாமா? கூடாது என்பது என் கட்சி. நெல்லைக் கிடங்கில் வைக்கலாம். பூவை அரசு வாங்கி என்ன செய்யும்? தை முகூர்த்தத்தில் கிடைக்கும் அந்த ஏறிய விலைதான் கோடை நட்டத்தை ஈடுகட்டுகிறது. விலைக்கு உச்சவரம்பு வைத்தால் பூக்காரப் பெண்ணுக்கு மலிவாகக் கிடைக்காது, பூவே குறைந்துபோகும். இங்கே விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டு, விவசாயிக்குக் காத்திருக்கும் தெம்பை மட்டும் அரசு கொடுத்தால் போதும்: கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக் கடன். முன்பணச் சீட்டு கிழிந்தால் பத்துக் கடையும் நிஜமாகவே பத்துக் கடையாகும்.

நெல்லில் கதை தலைகீழ். அரசு விலை இருப்பதால்தான் தனியார் வியாபாரியும் ஓரளவுக்குக் கீழே கேட்கத் துணிவதில்லை. அந்தத் தரைவிலை அவசியம். ஆனால் அதைக் கொடுக்கும் கொள்முதல் நிலையமே விவசாயியைக் காக்க வைக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்துவார்கள், சாக்கு வரவில்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள். களத்தில் குவித்த நெல் மழையில் முளைக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கும் கையும் உண்டு. பொறுமை இழந்தவர் நூறு, இருநூறு குறைத்து வியாபாரியிடம் போட்டுவிட்டுப் போகிறார். அரசு என்றாலே ஏழையின் நேரத்துக்கு மதிப்பில்லை என்று சந்தைவாதிகள் சொல்வது இந்த இடத்தில் முழு உண்மை.

கண்புரை காத்திருக்கும், மாரடைப்பு காத்திருக்காது

வைத்தியத்தைத் தனியாரிடம் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் மதுரைக்காரர்கள் அண்ணாநகர்ப் பக்கம் கையைக் காட்டலாம். 1976இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை தந்து, உலகம் படிக்க வரும் நிறுவனமாக வளர்ந்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலாபைத் தொடங்கித் தானே தயாரித்து, விலையைப் பல மடங்கு இறக்கியது. எந்த அரசுத் திட்டமும் இந்த வேகத்தைக் காட்டவில்லை. சந்தையின் ஒழுங்கும் தருமத்தின் நோக்கமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் ஊரில் கிடையாது.

ஆனால் அந்தச் சான்று எவ்வளவு தூரம் செல்லும்? முதலில், வெங்கடசாமி வானத்திலிருந்து வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையை நடத்தி, கண் முகாம்களில் பழகி, 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார். அந்தக் கைப்பழக்கத்துக்குச் சம்பளம் கொடுத்தது மக்களின் வரி. இரண்டாவது, கண்புரையின் இயல்பு. அது மெல்ல வரும். அடுத்த வாரம் முகாம் என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி அறுவை, சிறிது நேரத்தில் முடிவது, மறுநாள் வீடு. நோயாளி காத்திருக்க முடிவதால்தான் மருத்துவமனை வரிசையை ஒழுங்குபடுத்திச் செலவைக் குறைக்க முடிகிறது. நாற்கரச் சாலையில் அடிபட்டு இரவு இரண்டு மணிக்கு வருகிறவரிடம் இந்தக் கணக்கு செல்லாது. அவர் மூன்று மருத்துவமனைகளில் விலை விசாரித்துவிட்டு வரப் போவதில்லை. எந்த ஸ்கேன் தேவை, எது தேவையில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. விற்பவருக்கு மட்டுமே சரக்கின் தன்மை தெரிந்த, வாங்குபவர் மயக்கத்தில் இருக்கிற பேரம் அது. லாபத்தில் ஓடும் தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்பதில் தனிப்பட்ட கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதன் கணக்கு அப்படித்தான் கேட்கச் சொல்லும்.

இடைவழி ஒன்றும் இருக்கிறது: பணத்தை அரசு கொடுக்கும், வைத்தியத்தைத் தனியார் பார்க்கும். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் பின்வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படிப்பட்டவை. இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை. பெரிய அறுவைக்கு இது நிச்சயம் உதவுகிறது. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையில்தான் நடுத்தரக் குடும்பம் கரைகிறது. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும்.

மாத்திரை விஷயத்தில் தமிழ்நாடு செய்த ஒன்றைச் சந்தைவாதிகளும் அரசுவாதிகளும் சேர்ந்தே பாராட்டலாம். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு, கம்பெனிகளைப் போட்டி போட வைத்து, கம்பெனிப் பெயர் இல்லாத மருந்தாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. அரசு மருந்து தயாரிக்கவில்லை. பெரிய வாங்குபவராகச் சந்தைக்குப் போய் நின்றது, அவ்வளவுதான். தனித்தனியாகப் போனால் காத்திருக்க முடியாத நோயாளிகள் எல்லாரும் சேர்ந்து, காத்திருக்கக்கூடிய ஒரே வாங்குபவராக ஆன மாதிரி. பெரியாஸ்பத்திரி மருந்துச் சீட்டு வரிசையின் நீளம் குறைய வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்காக வரிசையையே ஒழித்துவிடு என்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மொய் நோட்டும் இரட்டைக் குவளையும்

அரசு இல்லாவிட்டால் மக்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள் என்பது சந்தைவாதத்தின் இதமான பக்கம். அதற்கு உசிலம்பட்டி வட்டாரத்தின் செய்முறையைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வரும் மொய் நோட்டில் எழுதப்படும். அடுத்த வீட்டு விசேஷத்தில் கூட்டித் திரும்பும். வங்கி இல்லை, பத்திரம் இல்லை, கோர்ட் இல்லை. வட்டியில்லாக் கடனும் காப்பீடும் கலந்த ஏற்பாடு. ஆனால் அந்த நோட்டில் யார் பெயர் இருக்கிறது? சொந்தமும் சாதியும் உள்ளவர் பெயர். திரும்பச் செய்ய வக்கில்லாதவர் அடுத்த அழைப்பிலிருந்து நழுவிவிடுவார். ஆதரவில்லாக் கிழவிக்கு எழுத நோட்டே கிடையாது.

கிராமத்துச் சந்தைக்கு முகம் தெரியும் என்பதை இந்தக் கொள்கைகளைப் படிக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். யாருக்கு விற்பது என்பது கடைக்காரரின் சுதந்திரம் என்று விட்டால், டீக்கடையில் இரட்டைக் குவளை அந்தச் சுதந்திரத்தின் பெயரிலேயே நிற்கும். மதுரை மாவட்டத்திலும் சட்டமும் போராட்டமும் வந்துதான் அது பின்வாங்கியது. இதே சந்தைக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் டீ கேட்டால் காசை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த பலருக்கு அந்த அலட்சியமே விடுதலை. அரசு கொடுக்காத கௌரவத்தை நகரத்தின் சந்தை கொடுத்திருக்கிறது என்பதை நம் முற்போக்காளர்கள் சொல்லத் தயங்குகிறார்கள்.

அரசு விலக வேண்டிய இடம்

மூன்றாவது வழி வெற்றி பெறும் இடமும் இருக்கிறது. மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் தரையில் துணி விரித்து விற்பவரைப் பாருங்கள். அவர் யாரிடமும் இலவசம் கேட்கவில்லை. முதல் போட்டு, வெயிலில் நின்று, வாடிக்கையாளரிடம் பேரம் பேசிப் பிழைக்கிறார். சந்தைப் பொருளாதாரத்தின் உண்மையான குடிமகன் அவர்தான். அவரைக் காக்க வைப்பது அரசு. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு, விற்பனைச் சான்று, குழு என்று எல்லாம் சொல்கிறது. கணக்கெடுப்பு முடியும் வரை அகற்றக் கூடாது என்றும் சொல்கிறது. தள்ளுவண்டியைத் தூக்கிப்போக லாரியில் வருகிறவர்களின் சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்திருக்கிறது. சான்று கிடைக்காத நாளெல்லாம் அவர் யாருக்காவது எதையாவது கொடுத்துத்தான் நிற்கிறார். நலத்திட்டம் வேண்டும் என்று பேசும் நாம், தானே சம்பாதிக்கிறவரை அரசு தொந்தரவு செய்யாமல் இருப்பதும் ஒரு நலத்திட்டம் என்று பேசுவதில்லை. ராஜாஜி பர்மிட் ராஜ்யம் என்று சொன்னது பெரிய ஆலைகளைப் பற்றித்தான் என்று நினைத்தோம். 1991க்குப் பிறகு ஆலைகளுக்கு அது தளர்ந்தது, தள்ளுவண்டிக்குத் தளரவில்லை.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாக. 1972இல் அரசுடைமை ஆவதற்கு முன்பு டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள் என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அதன் இடத்துக்கு வந்த அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அப்படிச் சொன்னவர் இல்லை. ஆனால் கூட்டமில்லாத கிராமத்துக்குக் கடைசி டிரிப் அடிக்கும் பஸ் அரசுடையதுதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும், வீட்டு வேலைக்கும் பூக்கட்டவும் போகிற பெண்கள் பக்கத்து ஊரில் கூடுதல் கூலி இருந்தால் அங்கே போகத் தொடங்கினார்கள். ஒரே முதலாளியை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. சந்தையில் பேரம் பேசும் பலத்தை அரசு மானியம் கொடுத்திருக்கிறது. இந்த ஒரு திட்டத்தையாவது சந்தைவாதிகள் ஆதரிக்க வேண்டும் என்பேன்.

பில் யாருக்கு

மீதி இருப்பது பணம். 2021 ஆகஸ்டில், மதுரை மத்தியத் தொகுதியின் உறுப்பினராக இருந்த அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் மாநிலத்தின் கடன் 2,63,976 ரூபாய் என்றது. அரசுப் பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம் என்றது. இந்த எண்களைத் திட்டம் வேண்டும் என்பவர்களும் மனப்பாடம் செய்ய வேண்டும். கடனில் ஓடும் கருணைக்கு ஒரு நாள் வட்டிக்காரன் வருவான். அப்போது முதலில் வெட்டுப்படுவது டிவியோ மிக்ஸியோ இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ் பணியிடம்.

அதே நேரம், நான்தான் வரி கட்டுகிறேன், அவர்கள் தின்கிறார்கள் என்ற பேச்சும் கணக்கில் தவறு. ராஜாஜியின் விற்பனை வரியிலிருந்து இன்றைய ஜி.எஸ்.டி. வரை, சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் கட்டுகிறார்கள். மதுக்கடையில் குடிப்பவர் கட்டுவது அதைவிட அதிகம். அந்த வீட்டுப் பணம் அந்த வீட்டுப் பெண்ணுக்கே ஆயிரம் ரூபாயாகத் திரும்பி வருகிறது என்று சொன்னால் அதில் குரூரம் உண்டு, பொய் இல்லை.

எதை வெட்டலாம் என்று கேட்டால் என் கை முதலில் போவது மின்சாரத்துக்கு. 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். செல்லூரில் ஓர் அறை வீட்டில் ஒரு மின்விசிறி ஓடுவதற்கும் கே.கே. நகரில் நான்கு ஏ.சி. ஓடுவதற்கும் ஒரே சலுகை. இங்கே யாரையும் ஏழை என்று நிரூபிக்கச் சொல்ல வேண்டாம், தாலுகா ஆபீஸ் போக வேண்டாம், மீட்டரே சொல்லிவிடும். 500 யூனிட்டைத் தாண்டிய பில்லில் அந்த 100ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் போதும். மிச்சமாகும் பணத்தில் மேலூர்ப் பக்கம் கொள்முதல் நிலையங்களுக்கு நெல் உலர்த்தும் இயந்திரமும் தார்ப்பாயும் வாங்கலாம்.